மறு: வெளியுறவு அமைச்சகத்தின் ‘லீகல் அட்வைசர்’ – தமிழில்?

> சிசில் ஹர்ஸ்ட் கட்டுரையில் ‘சட்ட ஆலோசகர்’ என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம் என்பேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் கம்பெனிக்கோ வங்கிக்கோ கட்டணத்துக்குக் கருத்துச் சொல்லும் வக்கீல்தான் நினைவுக்கு வருவார். ஹர்ஸ்ட் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தவர்: 1902-இல் துணைப் பதவி, 1918-இல் தலைமைப் பதவி. 1929-இல் ஹேக் நகரின் பன்னாட்டு நிரந்தர நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போய், 1934 முதல் 1936 வரை அதன் தலைவராகவும் இருந்தார்.

‘சட்ட மதியுரைஞர்’ என் பரிந்துரை. ஈழத்தில் ‘மதியுரை’ புழங்கும் சொல். அமைச்சருக்கு எழுதிக் கொடுக்கும் கருத்து ‘சட்ட மதியுரை’, 1902 பதவி ‘துணைச் சட்ட மதியுரைஞர்’. குறளில் வரும் ‘சூழ்வார்’ அழகான சொல்தான். ஆனால் ‘சூழ்ச்சி’ இன்று சதி என்றாகிவிட்டது, எடுபடாது.

> துணைச் சட்ட மதியுரைஞர்

நானே மேலே சொன்ன பெயர்தான், ஆனால் இங்கே ஒற்று காலை வாருகிறது. ‘துணைச் சட்டம்’ சேர்ந்துகொண்டு, துணைச் சட்டங்களுக்கு மதியுரைப்பவர் என்றாகிறது. ‘சட்டத் துணை மதியுரைஞர்’ என்று மாற்றினால் சரி. ‘வெளியுறவுச் சட்ட மதியுரைஞர்’ என்பதிலும் இதே கோளாறு. ‘வெளியுறவு அமைச்சகச் சட்ட மதியுரைஞர்’ என்று முழுதாக எழுதுங்கள்.

இன்னொன்று. மதியுரை என்ற சொல்லுக்குள் அவர் வேலையில் பாதி அடங்காது. 1919 பிப்ரவரித் தொடக்கத்தில் அவரும் அமெரிக்கத் தரப்பின் டேவிட் ஹண்டர் மில்லரும் எழுதிய வரைவைத்தான் சர்வதேச சங்க (லீக் ஆஃப் நேஷன்ஸ்) உடன்படிக்கைக் குழு அடிப்படையாக வைத்துக்கொண்டது. குழுவுக்குத் தலைமை வகித்த அமெரிக்க அதிபர் வில்சனின் சொந்த வரைவையே ஓரம் வைத்துவிட்டு! சுவிட்சர்லாந்தின் லோகார்னோ நகரில் உருவான ஐரோப்பிய எல்லைப் பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் அப்படியே. அமைச்சர்கள் கூடியது 1925 அக்டோபரில். ஹர்ஸ்ட், பிரான்சின் ஃப்ரோமாஜோ, ஜெர்மனியின் கௌஸ் முதலிய சட்ட அறிஞர்கள் செப்டம்பரிலேயே லண்டனில் உட்கார்ந்து வாசகத்தைச் செதுக்கத் தொடங்கிவிட்டார்கள். இதற்காகப் பதவிப் பெயரை நீட்ட வேண்டாம். அந்த இடங்களில் ‘வரைந்தார்’ என்று வினையாலேயே சொல்லிவிடலாம்.

> மூவருக்கும் ஒரே சொல் போதுமா?

ஃப்ரோமாஜோவுக்குப் பொருந்தும், அவரும் 1929-இல் அதே நீதிமன்றத்துக்கு நீதிபதியானவர். கௌஸ் பெர்லினில் வெளியுறவு அமைச்சகத்தின் சட்டத் துறைக்கே தலைவர், கீழே ஒரு துறை இயங்கியது. அவரை ‘சட்டத் துறைத் தலைவர்’ என்றே எழுத வேண்டும். ஹர்ஸ்டுக்கு 1918 முதல் 1929 வரை ‘சட்ட மதியுரைஞர்’, அதற்கு முன் ‘சட்டத் துணை மதியுரைஞர்’ என்று திருத்தி அனுப்புகிறேன்.