மின்னஞ்சல் வழி அழைப்பில் மாலையில் மட்டும் குரல் உடைகிறது: தரைவழித் தொலைபேசியை நிறுத்தலாமா?

கேள்வி

வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைப் பின்தொடர்ந்து கவனிப்பவராக) பணிபுரிகிறேன். ஜெர்மனியில் உள்ள பையர்களுடன் (எங்களிடம் வாங்குபவர்களுடன்) கடந்த 6 மாதங்களாக, மின்னஞ்சல் பக்கத்திலேயே இருக்கும் அழைப்புப் பொத்தானை அழுத்தித்தான் பேசி வருகிறோம். சாம்பிள் பற்றிய மடலைத் திறந்து வைத்துக்கொண்டே பேச முடிவதால் நிறத்திலும் அளவிலும் வரும் குழப்பங்கள் வெகுவாகக் குறைந்துள்ளன. ஆனால் மாலை 4 மணிக்கு மேல் குரல் துண்டு துண்டாகிறது. சில நொடிகள் நின்றுபோய், பிறகு மொத்தமாக வேகமாக வந்து விழுகிறது. எங்கள் இணைப்பு 100 மெகாபிட். வேகச் சோதனையில் குறை எதுவும் தெரியவில்லை. கைப்பேசியின் டேட்டாவில் பேசினால் தெளிவாகக் கேட்கிறது. சென்ற வாரம் பையர் சொன்ன 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) எனக்கு 160 என்று கேட்டது. மடலில் உறுதிப்படுத்தச் சொல்லியிருந்ததால் தப்பித்தோம். இந்த நிலையில் முதலாளி, இரண்டு தரைவழி இணைப்புகளையும் அடுத்த மாதம் நிறுத்திவிடலாம் என்கிறார். வழி சொல்லுங்கள்.

பதில் 1

கைப்பேசி டேட்டாவில் தெளிவாக இருப்பதால் பழுது பெரும்பாலும் உங்கள் அலுவலக இணைப்பில்தான் இருக்க வேண்டும். குரலுக்கு நொடிக்கு 100 கிலோபிட் அளவே போதும். ஆகவே வேகச் சோதனையின் எண் இங்கே எதையும் சொல்லாது. குரலைச் சுமந்து சீரான இடைவெளியில் கிளம்பும் பாக்கெட்டுகள் (சிறு தரவுத் துண்டுகள்) அதே சீரில் போய்ச் சேர்வதுதான் முக்கியம். ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் ஜி.114 பரிந்துரை. காலையிலும் மாலை 5 மணிக்கும் பிங் (தரவு போய்த் திரும்பும் நேரம்) எடுத்துப் பாருங்கள். உங்கள் இணைப்பைக் காக்கும் ஃபயர்வால், யு.டி.பி.யை (தொலைந்த பாக்கெட்டுக்குக் காத்திராமல் அனுப்பும் முறை) வெளியே விடுகிறதா என்றும் கேளுங்கள்.

கேட்டவர்

காலையில் 20 மில்லி நொடி. மாலையில் 400ஐத் தாண்டுகிறது. அந்த நேரத்தில்தான் டிசைன் பிரிவினர் அன்றைய சாம்பிள் படங்களை எல்லாம் கிளவுடில் ஏற்றுகிறார்கள். புதிதாக வைத்த ஃபயர்வாலில் யு.டி.பி. முழுவதும் அடைக்கப்பட்டிருப்பதாக அதைப் பொருத்தியவர் சொல்கிறார்.

பதில் 1

அப்படியானால் இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. யு.டி.பி. அடைபட்டால் அழைப்பு, தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் முறையான டி.சி.பி.யில் 443ஆம் போர்ட் (இணைப்பு வாயில் எண்) வழியாகப் போகும். அதில் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை அனைத்தும் காத்திருக்கும். நீங்கள் சொன்ன "நின்றுபோய் மொத்தமாக விழுவது" இதுதான். கூகுள் மீட் என்றால் யு.டி.பி. போர்ட் 3478, டீம்ஸ் என்றால் 3478 முதல் 3481 வரை வெளிநோக்கித் திறக்கச் சொல்லுங்கள். அடுத்து, படங்களை ஏற்றும்போது ரூட்டரில் நீண்ட வரிசை சேர்ந்து, குரலும் அதன் வாலில் நிற்கிறது. ரூட்டரில் அப்லோடு வேகத்தை, அளந்து பார்த்த அளவில் 85 அல்லது 90 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்தி, குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். இதைச் செய்து பார்க்காமல் 200 மெகாபிட் திட்டத்துக்கு மாற வேண்டாம், அது வீண்செலவு.

பதில் 2

தரைவழி இணைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செயலிக்குச் செயலி பேசுவது வேறு, தொலைபேசி எண்ணை அழைப்பது வேறு. 2010 ஆகஸ்டில் ஜிமெயிலுக்குள்ளிருந்தே தொலைபேசி எண்களை அழைக்கும் வசதி வந்தபோது, முதல் 24 மணி நேரத்தில் 10 லட்சம் அழைப்புகள் சென்றன. ஆனால் அது அமெரிக்கப் பயனர்களுக்காக வந்தது. இந்தியாவுக்குள்ளிருந்து இந்திய எண்களை அழைக்கும் வசதியை ஸ்கைப் 2014 நவம்பரில் நிறுத்தியது. 2025 மே மாதத்தில் ஸ்கைப்பே மூடப்பட்டது. உங்கள் சாயப்பட்டறைக்காரரும் லாரி புக்கிங் அலுவலகமும் மின்னஞ்சல் பொத்தானை அழுத்தப் போவதில்லை. அவர்கள் எண்ணைத்தான் சுழற்றுவார்கள். மேலும், கணக்கு ஒருநாள் பூட்டப்பட்டால் மடலும் குரலும் சேர்ந்தே போய்விடும். அதைத் தெரிவிக்கக்கூட உங்களிடம் வழி இருக்காது. விசிட்டிங் கார்டிலும் பில்லிலும் அச்சாகியுள்ள எண்ணை விடாதீர்கள் என்று முதலாளியிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். அவருக்குச் செலவு குறைய வேண்டுமென்றால் இரண்டாவது இணைப்பை விடலாம்.

கேட்டவர்

போர்ட்டைத் திறந்து, அப்லோடு வேகத்தையும் கட்டுப்படுத்தினோம். நேற்று மாலை 5 மணிக்கு, படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே 40 நிமிடங்கள் பேசினேன். ஒரு சொல்கூட உடையவில்லை, பிங் 35ஐத் தாண்டவில்லை. அச்சிட்ட எண் உள்ள இணைப்பை வைத்துக்கொள்ள முதலாளி ஒப்புக்கொண்டார். மற்றொன்றை மாத இறுதியில் ஒப்படைக்கிறோம். ஜி.எஸ்.எம்., நிற எண், எண்ணிக்கை ஆகியவற்றை ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் அதே மடலில் எழுதி உறுதி கேட்கும் வழக்கத்தை மட்டும் விடப்போவதில்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.