ஸ்லோவான பழைய லேப்டாப்: ஃபார்மட் போடும் முன் பழுது எங்கே என்று பார்ப்பது

வெவ்வேறு ஊர்களில் லேப்டாப் பழுது பார்ப்பவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுதியது.

மதுரை, சர்வீஸ் மேசை

"ஸ்லோவா இருக்கு, ஃபார்மட் போட்டுக் குடுங்க" என்று வரும் 7, 8 வருடப் பழைய லேப்டாப்களில் பல ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை ஃபார்மட் ஆனவை. விண்டோஸ் புதிது, ஹேங் மட்டும் பழையது. பழுது ஹார்டுவேரில் இருந்தால் ஃபார்மட் எதையும் சரிசெய்யாது. டிஸ்க் செத்துக்கொண்டிருந்தால் கேடும் செய்யும். இன்னும் உயிரோடு இருக்கும் செக்டார்கள் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு கட்டங்கள்) மேல் 20 ஜிபி எழுதி, மீட்டிருக்கக்கூடிய படங்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் அழித்துவிடும். அதனால் எந்த மெஷின் வந்தாலும் முதல் வேலை, அதில் இருப்பதை வெளியே நகல் எடுப்பது.

அடுத்து டாஸ்க் மேனேஜர். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் திறந்தால் மூன்று எண்கள் வேண்டும்: ஆக்டிவ் டைம், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம், ரீட் ஸ்பீடு. ஆக்டிவ் டைம் 100 சதவீதம் என்றாலே டிஸ்க் போய்விட்டது என்று சொல்கிறார்கள், அது தவறு. நிமிடத்துக்கு 5400 சுற்று ஓடும் ஹார்ட் டிஸ்க் ஒரு முறை சுழல 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம் படிக்கும் முனையான ஹெட்டுக்கு அடியில் வரச் சராசரியாக அதில் பாதி. ஹெட் நகர இன்னொரு 12. ஆக ஒரு சிறு கோப்புத் துண்டுக்கு ஏறக்குறைய 18 மில்லி செகண்ட், நொடிக்கு 55 துண்டுகள். ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் நொடிக்கு கால் எம்பிகூட வராது. பூட் ஆனதும் ஆன்டிவைரஸும் அப்டேட்டும் ஒன்றாக இழுக்கும்போது, நல்ல ஹார்ட் டிஸ்க்கும் 100 சதவீதத்தில் நின்று அரை எம்பிதான் தரும். அது பழுது இல்லை, அந்த டிஸ்க்கின் இயல்பு.

பழுதைக் காட்டுவது ரெஸ்பான்ஸ் டைம். 50, 100, நெரிசலில் 300 மில்லி செகண்ட் வரை சரி. 2000, 5000 என்று ஏறி, அதே நேரம் வேகம் 0 கேபியில் நின்றால், டிஸ்க் ஒரே செக்டாரைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கிறது என்று பொருள். மவுஸ் நகரும், எதைத் தட்டினாலும் திறக்காது, அரை நிமிடம் கழித்து எல்லாம் ஒன்றாகத் திறக்கும். இதுதான் அந்த நோயின் முகம்.

இன்னொரு சோதனைக்கு சாஃப்ட்வேரே வேண்டாம். நிறுவனத்தின் லோகோவே நெடுநேரம் நிற்கிறதா? டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். லோகோ உடனே தாண்டினால் சந்தேகம் டிஸ்க், அதன் கேபிள் இரண்டின் மேல்தான். டிஸ்க் இல்லாமலேயே பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) போட்டு ஓட்டலாம். ஏறுவதற்கு நேரம் எடுக்கும், ஏறியபின் மெனுவும் பிரவுசரும் சுறுசுறுப்பாக இருந்தால் ப்ராசசர், ரேம், போர்டு மூன்றையும் இப்போதைக்குச் சந்தேகிக்க வேண்டாம்.

•••

சென்னை, ரிச்சி தெருப் பக்கம்

டிஸ்க் பற்றி மதுரை அண்ணன் சொன்னதோடு, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எண்களையும் சேர்த்துப் பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராம் போதும். மேலே நீலத்தில் "குட்" என்று இருப்பதை மட்டும் நம்பாமல் நான்கு வரிகளைப் படியுங்கள்.

05: கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்ட செக்டார்கள். சி5: படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6: டிஸ்க்கின் சொந்தச் சோதனையிலும் படிக்க முடியாதவை. சி7: டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த தடவைகள்.

05-இல் சிறிய எண், மாதக்கணக்கில் அப்படியே நின்றால் பயமில்லை. இன்று 8, அடுத்த வாரம் 40 என்றால் அந்த டிஸ்க்கில் எதையும் நம்பி வைக்காதீர்கள். சி5-இல் ஒன்று இருந்தாலும் அந்தச் செக்டாரைத் தொடும்போதெல்லாம் மெஷின் உறையும்.

இங்கே ஒரு ஏமாற்றம் நடக்கிறது. காத்திருக்கும் செக்டார் மேல் எழுதினால் டிஸ்க் அதை ஏற்றுக்கொள்ளும், அல்லது மாற்றிடம் கொடுத்து 05-க்குத் தள்ளும். இரண்டிலும் சி5 பூஜ்யம் ஆகிவிடும். முழு ஃபார்மட் போட்டுவிட்டு "சரியாயிடுச்சு" என்று கொடுப்பது இப்படித்தான். 05 எவ்வளவு கூடியது என்று கேளுங்கள்.

•••

சேலம்

சின்னத் திருத்தம். அந்தப் புரோகிராம் ரா வேல்யூவை, அதாவது அசல் எண்ணிக்கையை, ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) காட்டும். 10 என்று இருப்பது 16. ஃபங்ஷன் மெனுவில், அட்வான்ஸ்டு ஃபீச்சர் உள்ளே டெசிமலுக்கு மாற்றிக்கொண்டு படியுங்கள்.

சி7 ஒருபோதும் குறையாது. பழைய 500 இருந்தால் அது பழைய கணக்கு. குறித்துவைத்து, 10 ஜிபி நகல் எடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். கூடினால் டிஸ்க்கை மாற்றாதீர்கள், போர்டிலிருந்து டிஸ்க்குக்கு வரும் பட்டை கேபிளை மாற்றுங்கள். மடிப்பில் விரிசல் விட்டிருக்கும், அல்லது கனெக்டர் தளர்ந்திருக்கும். டிரான்ஸ்ஃபர் மோடு வரியில் "300 | 600" என்று வந்தால் டிஸ்க்குக்கு நொடிக்கு 600 எம்பி வேகம் தெரியும், ஓடுவது 300-இல். போர்டே 300 என்றால் இயல்பு. முன்பு 600-இல் ஓடிய மெஷின் இறங்கியிருந்தால் அதுவும் கேபிள் அறிகுறி. புது எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) போட்டும் ஹேங் தொடர்வதற்கு அடிக்கடி காரணம் இந்தச் சிறு கேபிள்தான்.

•••

திருச்சி, டேட்டா மீட்பு

சி5 நூற்றுக்கணக்கில் இருக்கும் டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது கோப்பு அமைப்பைச் சீராக்கும் கருவி. படிக்க முடியாத இடத்தைச் சேர்ந்த கோப்புகளை வெட்டிப்போட்டுக் கணக்கை நேராக்கும். அதோடு டிஸ்க் முழுவதையும் பலமணி நேரம் தேய்க்கும். ஹெட் பலவீனமாக இருந்தால் அந்த ஓட்டத்திலேயே முடிந்துவிடும்.

சரியான வழி: டிஸ்க்கை வெளியே எடுத்து, முடிந்தால் டெஸ்க்டாப்பின் சாட்டா போர்ட்டில் நேராகச் செருகி, லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற நகலெடுக்கும் கருவி. அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க் வேண்டும். எதுவரை படித்தாயிற்று என்று குறிக்கும் மேப் ஃபைல் கட்டாயம். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் மோசமான இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப்போகும் தெரிவு. நல்ல பகுதி எல்லாம் கைக்கு வந்தபின், இரண்டாம் சுற்றில் மறுமுயற்சி 3. பிறகு நகலின் மேல் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

டக், டக் என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் இதுவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்துங்கள்.

•••

கோவை, போர்டு வேலை

டிஸ்க் சுத்தம், ஸ்மார்ட் சுத்தம், எஸ்எஸ்டிகூட இருக்கிறது, ஆனாலும் டைப் செய்த எழுத்து ஒரு நொடி கழித்து வருகிறது. இப்போது டாஸ்க் மேனேஜரில் சிபியூ ஸ்பீடு. கூடவே ஹெச்டபிள்யூஇன்ஃபோ புரோகிராமில் வெப்பம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஒன்று: வேகம் குறைவு, வெப்பம் 95-க்கு மேல். பெரும்பாலான இன்டெல் லேப்டாப் ப்ராசசர்களின் எல்லை 100 அல்லது 105 டிகிரி. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது கூலிங் பழுது.

இரண்டு: வெப்பம் 45, 50 டிகிரிதான், ஆனால் வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது, எவ்வளவு வேலை கொடுத்தாலும் ஏறாது. முதலில் பவர் பிளானில் மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட் 100 சதவீதமா என்று பாருங்கள். அது சரியென்றால் இது பிடி ப்ராக்ஹாட். ப்ராசசர் சூடாகாமலேயே, போர்டில் வேறு ஏதோ ஒன்று "சூடு, குறை" என்ற சிக்னல் கம்பியைக் கீழே இழுத்துவைத்திருக்கிறது. 100-க்குச் சற்றே குறைவான மெகாஹெர்ட்ஸை 8 ஆல் பெருக்கியதுதான் அந்த 0.79. சில மாடல்கள் 0.4 வரைக்கும் இறங்கும்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது சார்ஜர். பிளக்கின் நடுவே மெல்லிய ஊசி இருக்கும் மாடல்களில், அந்த ஊசி வழியாகத்தான் "நான் 65 வாட்" என்று சார்ஜர் சொல்லும். ஊசி வளைந்தாலோ, உள்ளே அந்த ஒற்றைக் கம்பி அறுந்தாலோ, மலிவு சார்ஜரில் அந்த சிப்பே இல்லையென்றாலோ, போர்டு சார்ஜரை அடையாளம் காணாது. வேகத்தை இறக்கும், பேட்டரியையும் ஏற்றாது. மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் அழகாக வரும், அதனால் சார்ஜர் நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வோல்ட்டேஜ் வருவது வேறு, அடையாளம் வருவது வேறு. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். வேகம் உடனே 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறினால் குற்றவாளி சார்ஜரோ சார்ஜிங் ஜாக்கோதான். ஏறாவிட்டால் பேட்டரியைக் கழற்றி சார்ஜரில் மட்டும். இரண்டிலும் ஏறாவிட்டால் போர்டில் இருக்கும் வெப்ப உணரியையோ கரன்ட் அளக்கும் பகுதியையோ தேட வேண்டும், அது வீட்டு வேலை இல்லை.

த்ராட்டில்ஸ்டாப் என்ற புரோகிராமில் பிடி ப்ராக்ஹாட் டிக்கை எடுத்துவிட்டால் வேகம் வந்துவிடும். சோதனைக்கு 5 நிமிடம் செய்யுங்கள். அப்படியே விட்டுவிட்டால், நிஜமாகவே பவர் பகுதி சூடாகும் நாளில் அதைத் தடுக்க எதுவும் இருக்காது.

•••

ஈரோடு

கூலிங் பழுதிலும் இரண்டு வகை உண்டு, திறக்காமலே பிரிக்கலாம். ப்ராசசருக்கு முழு வேலை கொடுங்கள். 50-இலிருந்து 95-க்கு இரண்டு மூன்று நொடியில் தாவினால், சூடு சிப்பை விட்டு வெளியேறவே இல்லை: சிப்பின் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது சூட்டை வெளியே கடத்தும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை. நான்கைந்து நிமிடத்தில் மெல்ல ஏறினால், சூடு ஹீட் சிங்க்குக்கு வருகிறது, காற்றுதான் அதை எடுத்துப்போகவில்லை: ஃபேன் அல்லது தூசு. பக்கத்து ஓட்டையில் கை வைத்துப் பாருங்கள். உள்ளே 95, வெளியே வருவது வெதுவெதுப்பு என்றால் வழி அடைத்திருக்கிறது அல்லது பேஸ்ட் போயிருக்கிறது.

தூசு ஃபேன் இறக்கையில் இருப்பதைவிட, ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளே நகரும், போகாது. ஃபேன் மூடியைத் திறந்து கையால் உரித்தெடுக்க வேண்டும். ஊதும்போது இறக்கையைப் பல்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போகும். நம் வீடுகளில் எறும்புக் கூடும் கரப்பான் முட்டையும் உள்ளே இருப்பது சாதாரணம். அந்த ஈரத்தால் போர்டில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பேஸ்ட் மாற்ற: பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஹீட் சிங்க்கில் அச்சிட்ட 1, 2, 3, 4 எண்களின் தலைகீழ் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். லேப்டாப் சிப் மூடியில்லாத கண்ணாடி மாதிரி, ஓரம் உடைந்தால் போர்டே போச்சு. புதிய பேஸ்ட் சிப் முழுவதையும் மூடும்படி மெல்லிசாக. மாட்டும்போது 1, 2, 3, 4, இரண்டு சுற்றாக இறுக்குங்கள்.

•••

கோவை, மறுபடியும்

அதே ஹீட் சிங்க்கில் ரப்பர் மாதிரி பேட் இருந்தால் அதற்குப் பதில் பேஸ்ட் தடவக்கூடாது, இடைவெளியை அது நிரப்பாது. தடிமனும் அதே இருக்க வேண்டும்: 0.5 இருந்த இடத்தில் 1 மில்லிமீட்டர் வைத்தால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு ப்ராசசரைத் தொடாது. "பேஸ்ட் மாத்தினதுக்கு அப்புறம்தான் சூடு கூடுச்சு" என்பதற்கு இதுதான் பல நேரம் காரணம்.

•••

நாகர்கோவில்

ரேம் கெட்டால் மெஷின் ஸ்லோ ஆகாது. நீலத்திரை வரும், ரீஸ்டார்ட் ஆகும், கோப்பு கெடும். ஸ்லோ ஆவது ரேம் காணாமல் போனால். 8 ஜிபி போட்ட மெஷினில் விண்டோஸ் 4 தான் காட்டுகிறதா, "ஹார்டுவேர் ரிசர்வ்டு" பெரிய எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் ஒரு ரேம் ஸ்டிக் தொடர்பை விட்டிருக்கிறது. கழற்றி, தொடுமுனைகளை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, ஒவ்வொன்றாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரு ஸ்லாட் மட்டும் எடுக்கவில்லை என்றால் ஸ்லாட் பழுது. ஸ்டிக்கைச் சந்தேகித்தால் மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை 4 சுற்று, ஒரு பிழை வந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

கூட்டிப்போடும்போது: முதல் தலைமுறை கோர் ஐ3, ஐ5 மெஷின்களுக்கு 8 ஜிபிதான் உச்சம். 4-ஆம் தலைமுறை லேப்டாப்களுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகை ரேம் வேண்டும், பழைய 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போட்டால் ஆன் ஆகாமல் நிற்கலாம்.

•••

யாழ்ப்பாணம்

பற்றரியின் பழுதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. டச்பேட் சொடுக்கவில்லை, மூடி சரியாகப் பொருந்தவில்லை என்றால் மென்பொருளைத் தேட வேண்டாம், கீழே பற்றரி வீங்கி மேலே தள்ளுகிறது. உடனே நிறுத்தி, சார்ஜரை எடுத்துவிட்டு, கனெக்டரைக் கழற்றுங்கள். ஒட்டியிருந்தால் உலோகக் கத்தியால் நெம்ப வேண்டாம். துளை விழுந்தால் தீப்பிடிக்கும். வீட்டுக் குப்பையிலும் போட வேண்டாம், மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

வீங்காத பற்றரிக்கு விண்டோஸின் பற்றரி அறிக்கையில் டிசைன் கப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே போனது, சார்ஜரும் 45 வாட் மட்டுமே என்றால், திடீர்ச் சுமையைத் தாங்க முடியாமல் போர்டு வேகத்தை இறக்குவது சில மாடல்களில் உண்டு. திகதி ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போனால் அது பெரிய பற்றரி இல்லை, போர்டில் இருக்கும் 3 வோல்ட் நாணயப் பற்றரி. திகதி பிழையானால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் வங்கித் தளங்கள் திறக்காது, ஆட்கள் அதை "இன்டர்நெட் ஸ்லோ" என்பார்கள்.

•••

மதுரை, சர்வீஸ் மேசை

எஸ்எஸ்டி மாற்றுபவர்களுக்கு: அதை எப்போதும் முதன்மை இடத்தில் போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் சுத்தமாக இருந்தால் டிவிடி டிரைவ் இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) வைத்துப் போடலாம். அந்தப் போர்ட் பல மெஷின்களில் மெதுவானது. கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வரும், டிவிடி டிரைவை அளந்துவிட்டு வாங்குங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் அமைப்புத் திரை) டிஸ்க் மோடு பழைய ஐடிஇ என்று இருந்தால் ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸ் 10 ஏற்கெனவே இருக்கும் மெஷினில் நேராக மாற்றினால் நீலத்திரை வரலாம். முதலில் சேஃப் மோடுக்கு அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏறிவிட்டுத் திரும்புங்கள்.

அடிமூடியை மாட்டும் முன் 05, சி5, சி7, சும்மா இருக்கும்போது வெப்பம், முழு வேலையில் வெப்பம், தேதி ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியின் உட்புறம், காற்றுவழியை மறைக்காத இடத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்தமுறை திறப்பவர் எந்த எண் நகர்ந்தது என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.