ஏலகிரி முகாம்: பழைய வண்டி குரூப்

[வியாழன், மாலை 7:42] நசீர் பாய்: சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஸ்ரீபெரும்புதூர்ல எல்லாரும் சேர்றோம். மொத்தம் 8 வண்டி. 60 கிமீ வேகத்துக்கு மேல யாரும் ஓட்ட வேண்டாம். காஞ்சிபுரம், வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, அப்புறம் ஏலகிரி அடிவாரத்துல இருக்க பொன்னேரி வழியா மேல. வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள மலை ஏறிடணும்.

[7:49] ரமேஷ்: முருகேசன் அண்ணே, நம்ம பத்மினி கார் சிக்னல்ல நின்னு சூடாச்சுன்னா ஆஃப் ஆயிடுது. கால் மணி நேரம் ஆறவிட்டா ஸ்டார்ட் ஆகுது. இதோட மலை ஏறலாமா?

[7:58] முருகேசன் அண்ணன்: பெட்ரோல்ல ஏர் லாக்கா (சூட்டுல ஆவியாகி அடைக்கிறது), கரண்ட்ல கோளாறான்னு முதல்ல பிரிச்சுப் பாரு தம்பி. ரெண்டுக்கும் அறிகுறி ஒண்ணுதான். அதனாலதான் பல பேரு பம்பை மாத்திட்டு, அப்புறம் காயிலை மாத்துவாங்க.

வண்டி நின்னதும் காயில் (பொறிக்கு கரண்டை ஏத்திக் கொடுக்கறது) நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர்ல (அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்பறது) இருந்து உருவி இன்ஜின் பாடியில நல்லா எர்த் பண்ணிடு, பொறி வரக்கூடாது. கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் பைப்பைக் கழட்டி ஒரு பாட்டில்ல விட்டுட்டு, இன்னொருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லு. விட்டு விட்டுப் பீச்சி அடிச்சா பம்ப் சரி. நுரையா, குமிழியா வந்தா ஏர் லாக். சூடா இருக்க மேனிஃபோல்டு (இன்ஜின் புகைக் குழாய்) மேல ஒரு சொட்டுகூட விழக்கூடாது.

[8:01] முருகேசன் அண்ணன்: பெட்ரோல் சரியா வந்தா பைப்பை இறுக்கி மாட்டி, சிந்தினது காஞ்சப்புறம் பொறியைப் பாரு. நடு ஒயரை இன்ஜின் பாடிக்கு 5, 6 மில்லி தள்ளிப் பிடிச்சா நீலமா, சத்தத்தோட தாண்டணும். மஞ்சளா, மெலிசா இருந்தா கண்டென்சர் இல்ல காயில். சூட்டுல சாகும், ஆறினா உயிர் வரும்.

[8:04] ஸ்டீபன்: இப்ப பங்க்ல வர்ற இ20ம் (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஒரு காரணம் இல்லையா அண்ணே?

[8:11] முருகேசன் அண்ணன்: ஏர் லாக்னா அதுவும் ஒரு காரணம்தான். பம்ப் இன்ஜின் பிளாக்கோட ஒட்டி இருக்கு, பிளாக் சூடு நேரா அதுக்குப் போகுது. எத்தனால் 78 டிகிரியிலயே கொதிச்சிடும். பம்புக்குள்ள ஆவி சேர்ந்தா டயாபிரம் ஆவியைத்தான் அமுக்கும், பெட்ரோலை இழுக்காது.

பழைய ரப்பர் ஹோஸையும் எத்தனால் அரிக்கும். உள்பக்கம் உரிஞ்சு கறுப்புத் தூளா வந்து ஜெட்டை அடைக்கும். ஹோஸ் மேல ஜே30 ஆர்9னு அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்கு. பம்ப் டயாபிரமும் எத்தனால் தாங்குறதா இருக்கணும். பைப் மேனிஃபோல்டு பக்கத்துல ஓடுதுன்னா தள்ளிக் கட்டு.

வழியில நின்னுட்டா ஈரத்துணியை பம்ப் மேல சுத்தி 5 நிமிஷம் விடு. காயில், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் தண்ணி போகக்கூடாது.

[8:15] நசீர் பாய்: அம்பாசடர்காரங்களுக்கு: பாயிண்ட் கேப் 15 தௌ (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), பிளக் கேப் 25 தௌ. ஃபேன் பெல்ட்டை நடுவுல கட்டைவிரலால அமுக்கினா அரை அங்குலம் இறங்கணும். பெல்ட் நழுவினா வாட்டர் பம்பும் மெதுவாகும், டைனமோவும் சார்ஜ் பண்ணாது. பாயிண்ட் செட், கண்டென்சர், ரோட்டர், பெல்ட் நாலும் டிக்கியில இருக்கணும்.

[8:22] ஸ்டீபன்: ஹெரால்டு கார் வச்சிருக்க ரெண்டு பேரும் முன் சக்கரத்துக் கீழ் டிரன்னியனை (செங்குத்துத் தண்டு திரும்பற கீழ் மூட்டு) பாத்துட்டீங்களா? அதுக்கு கிரீஸ் இல்ல, இபி 90 கியர் ஆயில்தான் போகணும். கிரீஸ் மரைக்குள்ள முழுசா இறங்காது. காஞ்சு துருப்பிடிச்சா செங்குத்துத் தண்டு உடைஞ்சு சக்கரம் மடிஞ்சிடும், அதுவும் வளைவுல ஸ்டியரிங் முழுசா ஒடிக்கறப்பதான் உடையும். கிரீஸ் கன்னுல ஆயில் ஊத்தி, சீல் ஓரத்துல கசியற வரைக்கும் அடிங்க. வண்டலூர்ல செஞ்ச இந்திய ஹெரால்டுக்கும் இதே முறைதான்.

[8:30] கவிதா அக்கா: ஏலகிரி ஏறும்போது ஏசி இல்லாத வண்டிக்கு என்ன பாக்கணும்? அப்பாவும் கூட வர்றார்.

[8:41] நசீர் பாய்: மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு அக்கா. அப்பாவை முன் சீட்ல உக்கார வச்சு ரெண்டு கண்ணாடியும் இறக்கிடுங்க. வண்டி முக்கறதுக்கு முன்னாடியே ரெண்டாவது கியருக்கு வந்துடணும். பழைய அம்பாசடர், பத்மினியில ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ (ஓட்டத்துலயே கியர் சத்தமில்லாம விழ வைக்கிற அமைப்பு) இல்ல, ஓட்டத்துல போட்டா கறகறன்னு கத்தும். வளைவுல ஃபர்ஸ்ட் தேவைப்பட்டா முழுசா நிறுத்திப் போடுங்க.

டெம்பரேச்சர் முள் ஏறினா நிறுத்தி பானட்டைத் திறந்து வைங்க, ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க. மேல 1,100 மீட்டர் உயரத்துல தண்ணி 96 டிகிரியிலயே கொதிச்சிடும், மூடி பிடிக்கிற பிரஷர்தான் காப்பாத்துது. மூடி ரப்பர் வெடிச்சிருந்தா அந்தப் பாதுகாப்பு போச்சு. கொதிக்கலைன்னா, மேல போய்ச் சேர்ந்ததும் உடனே ஆஃப் பண்ணாம ரெண்டு நிமிஷம் ஐட்லிங்ல விடுங்க.

[8:48] முருகேசன் அண்ணன்: இறங்கறதுதான் ஆபத்து. ஏறின கியர்லயே இறங்கணும். நாலு சக்கரமும் டிரம் பிரேக், விடாம அமுக்கிட்டே வந்தா டிரம் விரிஞ்சு லைனிங் பிடிக்காது. டாட் 3 பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரி தாங்கும், ஈரம் இழுத்தப்புறம் 140தான். அப்ப பெடல் தரையைத் தொடும். மாத்தி ரெண்டு வருஷம் ஆயிருந்தா நாளைக்கே மாத்திடுங்க. எதிர்ல ஏறி வர்ற வண்டிக்கு நாமதான் ஒதுங்கி நிக்கணும். இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டிக்கிட்டு யாரும் இறங்கக் கூடாது.

[9:02] கவிதா அக்கா: சாப்பாட்டுக் கணக்கு. 20 பேருக்கு ஞாயிறு காலை வெண்பொங்கல்: அரிசி ஒண்ணேகால் கிலோ, பாசிப்பருப்பு 400 கிராம், மிளகு சீரகம் தலா 25 கிராம், நெய் கால் கிலோ. மேல சாதாரணப் பாத்திரத்துல வேக நேரமாகும், அதனால 10 லிட்டர் குக்கர் ரெண்டு எடுத்துட்டு வர்றேன். 5 கிலோ சிலிண்டர் ஒண்ணு. அடுப்பு திறந்த வெளியில மட்டும்தான், மழை வந்தாலும் டென்ட்டுக்குள்ள பத்த வைக்க விடமாட்டேன். பெட்ரோல் கேன் யாரும் கொண்டு வராதீங்க, கீழயே டேங்க்கை நிரப்பிட்டு வாங்க.

[9:09] ஸ்டீபன்: டென்ட்ல லைட், போன் சார்ஜ் எதுவும் வண்டி பேட்டரியில வேண்டாம். டைனமோ ஐட்லிங்ல சார்ஜ் பண்ணாது, காலையில செல்ஃப் இழுக்காது. பவர் பேங்க் எடுத்துட்டு வாங்க.

[9:16] முருகேசன் அண்ணன்: ராத்திரி பனி விழும். காலையில டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு உள்ளயும் வெளியயும், பிளக் ஒயர்லயும் காஞ்ச துணியால துடைச்சுட்டு அப்புறம் சோக் இழுங்க. ஈரத்தோட அடிச்சா பிளக்தான் நனையும். நிறுத்தறப்ப மூக்கு மேட்டைப் பாத்திருந்தா ஃபர்ஸ்ட் கியர், பள்ளத்தைப் பாத்திருந்தா ரிவர்ஸ், சக்கரத்துக்கு மரக்கட்டை. ஈர டிரம்ல ஹேண்ட் பிரேக்கை ராத்திரி முழுக்க இழுத்து வச்சா லைனிங் ஒட்டிக்கும்.

[9:20] நசீர் பாய்: ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூணையும் நாளைக்கு மதியத்துக்குள்ள எனக்கு அனுப்புங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்சி ரினியூவல் தேதியைப் பாத்துக்கங்க.

[9:34] ரமேஷ்: ஒயரைத் தள்ளிப் பிடிச்சுப் பாத்தேன் அண்ணே. பொறி மஞ்சளாத்தான் வருது.

[9:35] முருகேசன் அண்ணன்: முதல்ல கண்டென்சரை மாத்து. அப்பவும் மஞ்சளாவே வந்தா காயில். காலையில கடை திறந்ததும் ரெண்டையும் வாங்கிட்டு வா, சாயங்காலம் மாட்டிடலாம்.