சினிமா நகர்வது கண்ணிலா, மூளையிலா?

இளங்கோ:
பார்த்த பிம்பம் கண்ணை விட்டு உடனே மறைவதில்லை. சிறிது நேரம் தங்குகிறது. அதற்குள் அடுத்த படம் வந்துவிடுவதால் சினிமா நகர்கிறது. பார்வை நீடிப்பு என்று இதைத்தான் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். அசைவை உண்டாக்குவது மூளைதான் என்று தேன்மொழி எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. கண் செய்யும் வேலையை எதற்கு மூளையின் கணக்கில் எழுத வேண்டும்?

தேன்மொழி:
ஐயா, பழைய படம் தங்கியிருக்கும்போதே புதியது வந்தால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பத்தானே வேண்டும்? உளவியலாளர் வெர்தைமர் 1912இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். இரண்டு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினார். இடைவெளி சுமார் 30 மில்லிவிநாடி என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. 60 என்றால் ஒரே கோடு நகர்ந்தது. 200 என்றால் ஒன்று மறைந்து மற்றொன்று வந்தது. நீடிப்புதான் காரணம் என்றால் மிகக் குறைந்த இடைவெளியில் அல்லவா அசைவு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்!

இளங்கோ:
அப்படியானால் விநாடிக்கு 24 படம் ஓடும் புரொஜெக்டரில், ஒளியை மறைத்துத் திறக்கும் ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டுவது எதற்கு?

தேன்மொழி:
ஒளி மினுங்குவது தெரியாமல் இருக்க. மினுக்கம் மறைவது வேறு, அசைவு தோன்றுவது வேறு. தொடக்ககாலப் படங்கள் கண் கூசும் அளவுக்கு மினுங்கின. ஆனாலும் மனிதர்கள் நடப்பது தெரிந்தது.

1983இல் மியூனிக் ஆய்வாளர்கள் விவரித்த ஒரு பெண்மணியின் நிலை உங்கள் விளக்கத்தில் எங்கே பொருந்தும்? மூளையின் இருபுறமும், பின்பகுதியில் பாதிப்பு. நிறமும் வடிவமும் அவருக்குத் தெரிந்தன. அசைவு மட்டும் தெரியவில்லை. ஊற்றும் தேநீர் உறைந்து நின்றதுபோல் இருந்தது. கோப்பையில் மட்டம் ஏறுவதும் தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியவில்லை. தொலைவில் தெரிந்த கார், சாலையைக் கடக்க நினைக்கும்போது திடீரென அருகில் இருந்தது. எண்ணிப் பார்த்தாலே மனம் பதறுகிறது.

கதிரவன்:
தேன்மொழி, ஒரே நோயாளியை வைத்து இவ்வளவு தூரம் போகலாமா? அவருடைய பாதிப்பு ஒரு சிறு பகுதியோடு நிற்கவில்லை. மேலும் முயலின் விழித்திரையிலேயே ஒரு திசையில் நகர்வதற்கு மட்டும் மின்துடிப்பு எழுப்பும் செல்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பார்லோவும் லெவிக்கும் 1965இல் விளக்கிவிட்டார்கள். கண்ணை இப்படி ஒதுக்கிவிட முடியாது.

தேன்மொழி:
கண்ணை நான் ஒதுக்கவில்லை, கதிரவன். அந்தச் செல்களும் பிம்பத்தைத் தேக்கி வைப்பதில்லை. ஒளி எந்தப் புள்ளியில் முதலில் பட்டது, எதில் பிறகு பட்டது என்று ஒப்பிட்டுத் திசையைக் கணிக்கின்றன. ஆகவே அதுவும் இளங்கோ ஐயாவின் விளக்கத்துக்கு எதிரான சான்றுதான்.

ஒரே நோயாளி என்கிறீர்கள். சால்ஸ்மன், பிரிட்டன், நியூசம் என்ற ஆய்வாளர்கள் 1990இல் குரங்குகளிடம் செய்ததைப் பாருங்கள். நகரும் புள்ளிகளைக் காட்டி, எந்தத் திசை என்று குரங்கைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். அப்போது மூளையில் எம்டி என்ற பகுதியில், ஒரு குறிப்பிட்ட திசையில் நகர்வதற்கே அதிகம் துடிக்கும் செல்களுக்குச் சிறிது மின்சாரம் செலுத்தினார்கள். குரங்கின் தேர்வு பெரும்பாலும் அந்தத் திசைக்கே சாய்ந்தது. திரையில் எதையும் மாற்றவில்லை. விழித்திரையைத் தொடவும் இல்லை. இதற்குப் பார்வை நீடிப்பு என்ன விளக்கம் தரும், ஐயா?