மயில்கழுத்து நிறத்தில் ஒரு ரூபாய்

கும்பகோணம், மளிகைக் கடை:

கட்டைவிரலை உயர்த்திய கை பொறித்த ஒரு ரூபாயை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஆடி மாதத்தில் ஒரு பாட்டி பெருங்காயம் வாங்கிவிட்டுக் கொடுத்த சில்லறையில் அப்படி ஒரு காசு இருந்தது. ஓரத்தில் வைக்கோல் மஞ்சள், அதற்கு உள்ளே செம்பழுப்பு, நடுவில் மயில்கழுத்து நீலம் என்று வளையம் வளையமாக அதில் நிறம் ஏறியிருந்தது. கல்லாவில் போடப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டு, "அது நெருப்பில் கிடந்த காசு, செத்தவர் நெற்றியில் வைத்ததாக இருக்கும், கல்லாவில் சேர்க்காதே" என்றார். பாட்டியின் காதில் அது விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி அந்தக் காசைத் திரும்ப வாங்கி, முந்தானையில் இருபுறமும் துடைத்து, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, வேறொரு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதைத் துடைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நெருப்பில்தான் அந்த நிறம் வருமா, வேறு வகையிலும் வருமா என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

திருச்சி, ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்:

உங்கள் தாயார் சொன்னதில் பாதி சரி, பாதி அவசரம். நெருப்பு என்பது சரி. நெற்றிக்காசு என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 1992 முதல் ஒரு ரூபாய் எவர்சில்வரில்தான் வருகிறது. அதில் உள்ள குரோமியத்தால் காசின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் எப்போதும் இருக்கும். சூடு ஏற ஏற அது தடித்து, முதலில் மஞ்சளாகவும், பிறகு பழுப்பாகவும், கடைசியில் நீலமாகவும் தெரியத் தொடங்கும். தண்ணீர் வற்றித் தீய்ந்த எவர்சில்வர் பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள், அதே நிறங்கள் இருக்கும். கற்பூரத் தட்டில் சுடருக்குப் பக்கத்திலேயே காணிக்கை போடுகிற ஊர் நம்முடையது.

எனக்கு நேர்ந்த ஒரு சிறிய அனுபவத்தையும் சொல்கிறேன். கோயில் உண்டியல் எண்ணச் சென்றபோது எண்ணெயும் குங்குமமும் ஏறிய இரண்டு ஐந்து ரூபாய்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே எண்ணப்பட்டதால், முதல் எண்ணிக்கைக்கும் மறு எண்ணிக்கைக்கும் ஐந்து ரூபாய் இடித்தது. அதற்காக இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தோம்.

கடை வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் காசு காந்தத்தில் ஒட்டும். 9 கிராம் எடையுள்ள பழைய கனத்த ஐந்து ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது என்பதால் ஒட்டாது. 2009 முதல் வந்த 6 கிராம் மஞ்சள் ஐந்து ரூபாயும் ஒட்டாது. ஒட்டாத காசுகள் செம்பு மிகுந்தவை ஆகையால் வியர்வையிலும் உப்பிலும் கறுக்கும், ஈரத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் பார்ப்பது காசு சிதைக்கப்பட்டிருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்பதைத்தான். கறுத்ததற்காக மட்டும் எந்தக் காசும் செல்லாக்காசு ஆகிவிடாது. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வேலையில் முப்பது ஆண்டுகள் போயின.

மதுரை, இல்லத்தரசி:

காசாளர் ஐயா நெருப்பைப் பற்றியே எழுதியிருக்கிறார்; என் காசு தண்ணீரில் இருந்தே நிறம் மாறியது. வரலட்சுமி நோன்புக் கலசத்தில் போட்ட மஞ்சள் ஐந்து ரூபாயின் மேல் வெட்டுப்பட்ட எலுமிச்சை ஒன்று சாய்ந்திருந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தபோது பிறை வடிவத்தில் ஒரு பகுதி மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. ஷேர் ஆட்டோவில் அதைக் கொடுத்தேன். ஓட்டுநர் வெயிலில் உயர்த்திப் பார்த்துவிட்டு, "இது செம்புக் காசும்மா, எவனோ ஏமாற்றிவிட்டான்" என்று எல்லோர் முன்னிலையிலும் திருப்பிக் கொடுத்தார். கள்ளக்காசை நீட்டியவள்போலப் பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து மிச்சம் இருந்த மஞ்சள் காசுகளையும் புளி போட்டுத் தேய்த்தேன். அவை எல்லாமே சிவந்துவிட்டன.

சென்னை, நாணயம் சேர்ப்பவர்:

புளி என்று படித்ததும் நெஞ்சு பதறியது, மன்னிக்க வேண்டும். அந்த மஞ்சள் காசில் செம்புடன் துத்தநாகமும் கலந்திருக்கிறது. புளிப்பு பட்டால் துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேறி, மேற்பரப்பில் செம்பு தங்கிவிடும். ஓட்டுநர் கண்ட செம்பு அதுதான், எனவே அவர் பார்த்ததும் பொய்யில்லை. காசாளர் ஐயாவுக்கும் ஒரு திருத்தம் உண்டு. செம்பு–நிக்கல் காசில் நிறம் ஏற நெருப்பே வேண்டியதில்லை. ரப்பர் பேண்டில் உள்ள கந்தகமே போதும், பேண்ட் தொட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும். வங்கியில் கட்டுக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு அறிந்த நான் ஏமாந்த கதையும் உண்டு. சிங்க முகம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்த ஒரு ரூபாயை, நாணயச்சாலைப் பிழை என்று நம்பி 400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அந்தப் பள்ளத்துக்கு அடியில் காசின் சொந்த எழுத்துகள் நசுங்கிப் படுத்துக் கிடந்தன. உண்மையான அச்சுப் பிழையில், முன்பு அடித்த காசு அச்சில் ஒட்டி அதை மறைத்துவிடுவதால், அந்தப் பக்கத்தின் சொந்த உருவம் விழுந்திருக்கவே வாய்ப்பில்லை. யாரோ இரண்டு காசுகளைச் சேர்த்துப் பட்டறைப் பிடியில் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். மறுபக்கம் வழவழவென்று தட்டையாகக் கிடந்ததை வாங்கும்போதே திருப்பிப் பார்த்திருக்கலாம். சிங்கத்தைப் பார்த்த மயக்கத்தில் பார்க்கவில்லை. மளிகைக் கடைக்காரர் அந்தக் காசை நிறுத்துப் பார்க்கட்டும்: 4.85 கிராமுக்கு அருகில் இருந்தால் அது வெறும் சூடுபட்ட நல்ல காசு.

கும்பகோணம், மளிகைக் கடை:

எல்லோருக்கும் நன்றி. நிறுத்துப் பார்க்கக் காசு என்னிடம் இல்லை, பாட்டி அதை எடுத்துச் சென்றதை முதலிலேயே எழுதியிருந்தேன். அவர் இப்போது எதிர்ச்சாரிக் கடையில் வாங்குகிறார். காசாளர் ஐயா சொன்னபடி, தீய்ந்துபோன எவர்சில்வர் பாத்திரத்தின் அடியை அம்மாவிடம் காட்டி, மஞ்சளையும் நீலத்தையும் விரலால் தொட்டு விளக்கினேன். அவர் நன்றாகப் பார்த்துவிட்டு, "இது பாத்திரம்" என்றார்.