முல்லைக் கொடி நிறைய இலை, அரும்பே இல்லை. என்ன செய்யலாம்?

உறையூர்க்காரி:
மூணு வருஷ முல்லை. மதிலோரம் மண்ணில் வச்சு மொட்டை மாடிக்கு ஏத்திவிட்டிருக்கேன். போன வருஷம் தினம் ஒரு முழம் தொடுப்பேன். இந்தப் பங்குனியிலிருந்து மார்கழி வரைக்கும் மொத்தமா ஒரு கைப்பிடி தேறலை. சாணம், மீன் அமிலம், அரிசி கழுவின தண்ணி, யாரோ சொன்னாங்கன்னு ரெண்டு பிடி யூரியா, எல்லாம் போட்டாச்சு. மாமியார் வெட்டிட்டுப் புடலை போடச் சொல்றாங்க.

பந்தல் தாத்தா:
யூரியாவை முதல்ல நிறுத்தும்மா, தழைச்சத்து கூடினா தழைதான் வரும். வெயில் எப்படி? கவாத்து எப்போ பண்ணினே?

உறையூர்க்காரி:
எட்டுலேருந்து மூணு வரை நல்ல வெயில் ஐயா. கவாத்து பண்ணினதே இல்லை, பூத்த கொடியை வெட்ட மனசு வரலை.

பந்தல் தாத்தா:
புதுத் துளிர்லதானே பூ! பழங்கொம்பை வச்சுக்கிட்டு என்ன செய்ய?

சத்திக்காரன்:
அக்கா, கவாத்து மட்டும் காரணமா இருக்காது. இலையில, இளந்தண்டுல வெள்ளையா ஏதாவது இருக்கா? ஈரத்துணியால துடைச்சுப் பாருங்க.

உறையூர்க்காரி:
இருக்கு தம்பி. மாவுப்பூச்சின்னு வாரா வாரம் வேப்பெண்ணெய் அடிச்சேன். இப்போ துடைச்சேன், போகலை. இலைத் தோலே கம்பளி மாதிரி இருக்கு. நுனியில குண்டூசித் தலை அளவு அரும்பு, அதுவும் பஞ்சு சுத்தின மாதிரி.

சத்திக்காரன்:
அது மாவுப்பூச்சி இல்லக்கா, சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாது. அது சாறு உறிஞ்சுறதால செடியே அப்படி ரோமம் விடுது. அரும்பு கட்டாததும் அதனாலதான். எங்க பக்கம் முல்லைத் தோட்டத்துல இதுதான் பெரிய தொல்லை.

ஜனவரி கடைசி வாரம் தரையிலிருந்து 45 செ.மீ. விட்டு மொத்தமா வெட்டுங்க. தயங்காதீங்க, துளிர்க்கும். வெட்டினதை உரக்குழியில போடாம எரிச்சிடுங்க. துளிர் வந்ததும் நனையும் கந்தகம் (தண்ணில கலந்து அடிக்கிற கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலமா தெளிங்க. வேப்பெண்ணெய் அடிச்சு ரெண்டு வாரமாவது ஆகியிருக்கணும், இல்லைன்னா இலை கருகிடும். புதுசா வைக்கிறதா இருந்தா கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோட பாரிமுல்லை ரகம் இந்தப் பேனைத் தாங்கும்.

பந்தல் தாத்தா:
இது எனக்குத் தோணலை தம்பி. யாருக்காவது பதியன் கொடுத்தியாம்மா?

உறையூர்க்காரி:
பக்கத்து வீட்டுக்கு ஆடியில கொடுத்தேன். இப்போதான் போய்ப் பார்த்துட்டு வரேன், அங்கேயும் கம்பளி. தை வரட்டும், ரெண்டு வீட்டுலயும் ஒரே நாள்ல வெட்டிடறோம். புடலை விதையை மாமியார் டப்பாவுல போட்டு மூடிட்டாங்க.