வெஹிக்கிளுக்குத் தமிழ் என்ன? (அவசரம்)

செ.மு.:
அனைவருக்கும் வணக்கம். புழுவெட்டில் புருவமும் இமைமுடியும் கொட்டியவர்களிடம் ஒரு களிம்பைச் சோதிக்கப் போகிறார்கள். ஒப்புதல் படிவம் நாளைக் காலைக்குள் தமிழில் வேண்டும். சிலருக்கு மருந்து கலந்த களிம்பு, மற்றவர்களுக்கு மருந்து சேர்க்காத வெறும் களிம்பு. நிறம், மணம், பிசுபிசுப்பு எல்லாம் ஒன்றே. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. அந்த வெறும் களிம்புக்குப் பெயர் வெஹிக்கிள். முன்பு செய்தவர் 'வாகனம்' என்று போட்டிருக்கிறார். 'வாகனத்தைப் புருவத்தில் தடவவும்' என்று எப்படி அனுப்ப?

இரா.கோ.:
வாகனம் வடசொல். 'ஊர்தி' என்க. மருந்து அதன்மேல் ஏறித்தானே தோலுக்குள் போகிறது? மேலும், 'இமைமுடி' பிழை. முடி என்பது கொண்டை, மகுடம். இமையில் இருப்பது மயிர். 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்று வள்ளுவர் கூசாமல் எழுதவில்லையா? மலையாளத்தார் கண்பீலி என்கிறார்கள். 'பீலிபெய் சாகாடும்' நம்முடையதுதானே? 'பீலியுதிர்வு' என்றே வைக்கலாம்.

தே.:
ஐயா, பீலி என்றால் மயிலைத் தேடுவார்கள். மயிர் என்று அச்சடித்தால் படிவத்தை முகத்தில் எறிவார்கள். சித்த மருத்துவத்து 'அனுபானம்' சரிவருமா?

வ.நி.:
அனுபானம் உள்ளுக்குக் குடிப்பது, தேன், வெந்நீர் மாதிரி. 'மருந்துப்போலி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

தே.:
போலி டாக்டர், போலி மருந்து என்று செய்தி படிப்பவர்கள் பயந்துவிடுவார்கள், அம்மா.

இரா.கோ.:
இலக்கணத்தில் போலி இழிசொல் அன்று. அறம், அறன்: எழுத்து மாறினாலும் பொருள் மாறாது.

வ.நி.:
இங்கே நேர்மாறு, ஐயா. உருவம் அப்படியே இருக்கிறது, உள்ளிருக்கும் பொருள்தான் இல்லை!

தே.:
நான் தோல் மருத்துவன். படிக்கிறவருக்குப் புரிய வேண்டியது ஒன்றுதான். புழுவெட்டில் முடி தானாகவே திரும்ப முளைப்பதுண்டு. வெறும் களிம்புக் குழு இல்லாவிட்டால் அதையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். கண் அழுத்த நோய்க்கான பைமாட்டோபிராஸ்ட் சொட்டு மருந்தில் இமைமுடி நீண்டதைப் பார்த்து, 2008-ல் அமெரிக்காவில் அதையே இமைமுடிக்கும் அனுமதித்தார்கள். அதற்கும் 16 வாரம் வெஹிக்கிளோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தார்கள். 'மருந்தில்லாக் களிம்பு' போதும்.

வ.நி.:
சரி. தூக்கம் வருகிறது.

செ.மு.:
அப்படியே போட்டு அனுப்பிவிட்டேன். இமைமுடி இமைமுடியாகவே இருக்கிறது. நன்றி.

இரா.கோ.:
'மருந்தில்லாக் களிம்பு' கலைச்சொல் அன்று, விளக்கம். நாளை ஜெல் வரும், மறுநாள் சொட்டு மருந்து வரும். அப்போது என்ன எழுதுவீர்கள்? ஊர்தி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.